மூன்று நிமிடம் முந்திய பாங்கு

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் மணி பாய். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் என்பதால் வந்த பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் ஆறு மாதம்வரை அதுதான் அவர் பெயர் என்று நம்பிக்கொண்டு, "மணி சார், நீங்களும் நோன்பு வைக்கிறீங்களா, கேக்கவே சந்தோஷமா இருக்கு" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மணி பாய் திருத்தவில்லை. நல்லதைத்தானே சொன்னார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இருபத்தாறு வருடமாக அந்த வேலை. காலை ஒன்பதுக்கு முதல் மணி, மாலை நான்கேகாலுக்குக் கடைசி மணி, நடுவில் இன்னும் ஒன்பது தடவை. மற்ற நேரங்களில் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார், ஆசிரியர் அறைக்கு டீ வாங்கி வருவார், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவார். ஆனால் அவரைக் கேட்டால், "மணி அடிக்கிறதுதான் வேலை, மத்ததெல்லாம் நடுவுல சும்மா இருக்க முடியாம பண்றது" என்பார். காய்ச்சலோடு வந்து அடித்திருக்கிறார். தன் கல்யாணத்தன்று காலையில் முதல் மணியை அடித்துவிட்டுப் போய்த்தான் மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டார். அதை அவர் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. விருந்தாளிகள் யாராவது வந்தால் டீயோடு அந்தக் கதையும் வந்துவிடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கடிகாரம் மூன்று நிமிடம் வேகமாக ஓடும். பழுதில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தது. எப்போதோ இருந்த ஒரு தலைமையாசிரியர், தானே தினமும் தாமதமாக வருகிறவர், பிள்ளைகளாவது நேரத்துக்கு வரட்டும் என்று முள்ளைத் தள்ளி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பின்னால் வந்த ஐந்து பேரும் அதில் கைவைக்கவில்லை. மணி பாயின் கைக்கடிகாரமும் பள்ளிக்கூட நேரத்தில்தான் ஓடியது. வழியில் யாராவது "மணி என்ன பாய்?" என்று கேட்டால், கண் ஒன்றைப் பார்க்கும், வாய் மூன்றைக் கழித்துச் சொல்லும். யோசிக்கவே வேண்டாம். செருப்புப் போடுவதுபோல அது தானாக நடக்கும்.

இந்த ரமலானின் இருபத்தொன்பதாம் நாள், அந்தத் தானாக நடக்கிற விஷயம் நடக்காமல் போனது.

அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. ஊர் முழுக்க அந்த ஒரே பேச்சு. ஆனால் மணி பாயின் வீட்டில் பேச்சு வேறு. அவர் மனைவி போன ரமலான் முழுவதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தவள். வயிற்றில் ஆபரேஷன். ஒரு நோன்புகூட வைக்க முடியவில்லை. இந்த வருடம் டாக்டரிடம் போய், கெஞ்சாத குறையாகக் கேட்டு, அனுமதி வாங்கி வந்தாள். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். இந்த மாதம் மட்டும்தான். பெருநாள் முடிந்ததும் மூன்று வேளையும் சாப்பாட்டோடு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அடுப்புப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் அவள் தினமும் நோன்பு திறந்த கையோடு ஒரு கோடு போடுவாள். அன்று காலையில் அதில் இருபத்தெட்டுக் கோடுகள் இருந்தன.

"இன்னும் ஒண்ணு. பிறை தெரிஞ்சா முடிஞ்சுது. தெரியலைன்னா இன்னொண்ணு. எப்படியும் விடமாட்டேன்" என்றாள், காலையில் அவர் சட்டையை மாட்டும்போது.

"உன்னைவிட அந்த டாக்டர்தான் நாளை எண்ணிட்டிருப்பாரு" என்றார் மணி பாய்.

கடைசி மணி அடித்துவிட்டுக் கேட்டைப் பூட்டும்போது, பள்ளிவாசல் மோதினார் வெளியே நின்று கையை ஆட்டினார். தினமும் ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்பவர் அவர். மாதம் முழுக்கக் குரல் கொடுத்ததில் தொண்டை கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மதியத் தொழுகைக்கே பாதிப் பாங்கு காற்றில் போய்விட்டதாம். தொண்டையைத் தொட்டுக் காட்டினார், வானத்தைக் காட்டினார், மணி பாயின் மார்பில் ஒரு விரலை வைத்தார்.

"நானா?" என்றார் மணி பாய்.

மோதினார் தலையாட்டி, மிச்சமிருந்த காற்றில், "மக்ரிப்" என்றார். சூரியன் மறைந்ததும் சொல்கிற பாங்கு. அதைக் கேட்டுத்தான் தெருவே நோன்பு திறக்கும்.

பன்னிரண்டு வயதில் ஒருமுறை அவருக்கு மைக் முன்னால் நிற்க வாய்ப்புக் கிடைத்தது. பாதியில் வார்த்தை நின்றுபோய், பின்னால் பையன்கள் சிரித்து, அன்றோடு சரி. நாற்பது வருடம் ஆயிற்று. ஆனால் ஆசை போகவில்லை. பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில், யாரும் இல்லாதபோது சன்னமாகச் சொல்லிப் பார்ப்பார். பெஞ்சுகள் சிரித்ததில்லை. வீட்டில் குளியலறையில் சொல்லும்போது மட்டும் மனைவி, "தண்ணியையும் கொஞ்சம் ஊத்திக்குங்க" என்பாள்.

"சரி" என்றார். 

பள்ளிவாசலுக்குப் போனால் இன்னொரு சங்கடம். சுவர்க் கடிகாரம் இரண்டு பத்தில் நின்றிருந்தது. மோதினார் அதையும் கையால் காட்டினார். மணி பாய் தெருமுனைக் கடையில் ஒரு பேட்டரி வாங்கி வந்து, மாலை நேர அஸர் தொழுகை முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மனசெல்லாம் மைக். கையைத் தூக்கித் தன் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து, முள்ளுக்கு முள் பொருத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார்.

யாராவது "மணி என்ன பாய்?" என்று கேட்டிருந்தால் வாய் மூன்றைக் கழித்திருக்கும். சுவர்க் கடிகாரம் கேட்கவில்லை.

பள்ளிவாசல் அட்டவணையில் மக்ரிப் ஆறு நாற்பத்தொன்று. ஆறரைக்கே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் தட்டுகளில் பேரீச்சம்பழம், வெட்டிய பழங்கள், தண்ணீர்க் குவளைகள். மணி பாய் மைக்கின் முன்னால் நின்று சுவரைப் பார்த்தார். நாற்பது. எதற்கும் இருக்கட்டும் என்று கையைப் பார்த்தார். நாற்பது. இரண்டு கடிகாரமும் ஒரே சொல்லைச் சொன்னதில் மனசு குளிர்ந்துபோனது. ஒன்றைப் பார்த்து வைத்ததுதான் மற்றொன்று என்பது அந்த நேரத்தில் எங்கே நினைவுக்கு வரும். சட்டைப்பையில் கிடந்த பட்டன் போனைப் பார்த்தும் பிரயோசனமில்லை. அதில் என்றைக்கும் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி ஒன்றுதான்.

முள் நாற்பத்தொன்றைத் தொட்டது. காதில் கைவைத்துக் கண்ணை மூடினார்.

குரல் முதல் வரியில் கொஞ்சம் தடுக்கியது. இரண்டாவது வரியில் நிலைத்தது. மூன்றாவதில் அது அவருடைய குரல் மாதிரியே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து உள்ளே எங்கோ மடித்து வைத்திருந்தது விரிந்து, கூரையைத் தொட்டு, வெளியே தெருவுக்கு இறங்கிப் போனது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. நானூறு பேர் கைகள் தட்டுகளுக்குப் போகிற சத்தமும், 'பிஸ்மில்லாஹ்' என்ற முணுமுணுப்பும்தான் கேட்டது. இரண்டு மூன்று பேர் போனைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் பழத்தை எடுத்தார்கள். பாங்கு வந்துவிட்டதே.

சொல்லி முடித்துத் திரும்பியபோது மோதினார் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். மணி பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். அதன் கொட்டையை எடுப்பதற்குள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் பாங்கு தொடங்கியது.

தினமும் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஒரு மூச்சு முன்னே பின்னே இருக்கலாம். ஒரு முழுப் பாங்கு முன்னே பின்னே இருக்காது.

மணி பாய் தன் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாயிலிருந்த பழம் மண்ணாக ஆனது.

தொழுகையில் எப்படி நின்றார், எப்படிக் குனிந்தார் என்று அவருக்கே தெரியாது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த நிமிடத்தில் வெளியே ஒரே கூச்சல். "பிறை தெரிஞ்சிருச்சு, பிறை தெரிஞ்சிருச்சு." பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடினார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். யாரோ மைக்கில் 'அல்லாஹு அக்பர்' என்று பெருநாள் தக்பீர் சொல்லத் தொடங்க, பள்ளிவாசலே சேர்ந்து சொன்னது. நாளைக்குப் பெருநாள். அதற்கு நடுவில் மணி பாய் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொழுகை நடத்துகிற இமாமின் அறைக்குப் போனார். இமாம் சின்ன வயசுக்காரர், முப்பதுதான் இருக்கும். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம்.

"ஹஜ்ரத், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"பெருநாள் ராத்திரி, உங்க முகம் இப்படியா இருக்கணும்? என்ன ஆச்சு பாய்?"

சொன்னார். கடிகாரம், முள், மூன்று நிமிடம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பாங்கு, எல்லாம். 

"தெரியாம செஞ்சதுக்குப் பாவம் இல்லை, அதை முதல்ல மனசுல வைங்க" என்றார் இமாம். "ஆனா சூரியன் மறையறதுக்கு முன்னாடி நோன்பு திறந்திருந்தா, அந்த நோன்பு கூடாது, கணக்குல சேராது. எல்லாரும் பெருநாள் கழிச்சு ஒண்ணு ஈடா வைக்கணும்."

"நானூறு பேரு, ஹஜ்ரத். வீட்ல இருக்கற பொம்பளைங்க வேற."

"பொறுங்க. அட்டவணை போடறவங்க ஒரு பேணுதலுக்கு, பாதுகாப்புக்குன்னு, சில நிமிஷம் சேர்த்துத்தான் போடுவாங்க. நீங்க சொல்லும்போதே சூரியன் மறைஞ்சிருக்கலாம். ஆனா எவ்வளவு சேர்த்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை வெச்சு நோன்பு சரின்னு நான் சொல்ல முடியாது இல்லையா? மறைஞ்சதைக் கண்ணால பார்த்த ஆள் இருந்தா விஷயம் அங்கேயே முடிஞ்சுது."

"அந்த நேரத்துல யாரு ஹஜ்ரத் சூரியனைப் பார்ப்பா? எல்லாரும் தட்டைத்தான் பார்ப்பாங்க."

இமாமுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இஷாவுக்கு, ராத்திரித் தொழுகைக்கு, எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள எதுவும் தெரியலைன்னா சொல்லிடலாம்."

"நானே சொல்றேன். நோன்பு திறக்கச் சொன்னது என் வாய்தானே."

இஷா எட்டு மணிக்கு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தார். அந்தத் தெரு அன்றைக்கு அவருக்கு ஐந்து மடங்கு நீளமாக இருந்தது. துணிக்கடையில் உள்ளே போக இடமில்லாமல் வாசலிலேயே சட்டையை உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக் கடையில் மடித்த உடைகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முடிவெட்டுகிறவர் ஒரு நாற்காலிக்கு நான்கு பேரை வரிசையில் நிறுத்தியிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்ததும் ஏதாவது சொன்னார்கள்.

"பாய், பாங்கு அருமை. நீங்கதானான்னு கேட்டேன், ஆமான்னாங்க, நம்பவே முடியலை."

"இத்தனை வருஷம் இந்தக் குரலை எங்க பாய் பூட்டி வெச்சிருந்தீங்க? ஸ்கூல் பீரோவுலயா?"

முடிவெட்டுகிறவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அண்ணே, இன்னைக்கு எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. நீங்க கரெக்டா சொன்னீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா கத்திரியோட விழுந்திருப்பேன்."

"அப்படியா" என்றார் மணி பாய்.  பாராட்டு ஒவ்வொன்றும் புதுச் செருப்பு கடிப்பதுபோலக் கடித்தது.

வீட்டில் விளக்கெல்லாம் எரிந்தது. மனைவி ஒரு கையில் பால் பாத்திரமும் மறு கையில் துடைக்கிற துணியுமாக வந்து நின்றாள். கண் ஓரம் ஈரம்.

"உங்க குரல்தான்னு எனக்கு முதல் வரியிலேயே தெரிஞ்சிருச்சு. குளியலறையில சொல்றப்ப அந்த இடத்துலதான் இழுப்பீங்க. நான் தண்ணி குடிக்கவே மறந்துட்டேன்."

"மறந்தே இருந்திருக்கலாம்."

"என்னது?"

உட்கார்ந்தார். இமாமிடம் சொன்னதைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, காலண்டரைப் பார்த்தாள். இருபத்தொன்பதாவது கோடு அங்கே இருந்தது. மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் நீளமாக, அழுத்தமாகப் போட்டிருந்தாள்.

"அப்ப எனக்கு இருபத்தெட்டா?"

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"சரி, ஒண்ணுதானே. பெருநாளுக்கு மறுநாள் வெச்சுடறேன்."

"மறுநாள்லேர்ந்து மூணு வேளை மாத்திரை. ஆறு மாசம். டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் கொஞ்ச நேரம் துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வருஷத்துல மத்த நாள்லன்னா சரி. இன்னைக்கு யாரும் சூரியனைப் பாக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? ஊர்ல பாதிப்பேர் பிறை தேடி மேற்கையேதானே பார்த்துக்கிட்டு நின்னாங்க? சூரியன் உள்ள போனாத்தானே பிறை வெளிய வரும். அது எப்ப போகும் எப்ப போகும்னு பார்க்காமலா இருந்திருப்பாங்க?"

மணி பாய் அவளையே பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? எழுந்திருங்க. நான் அந்தக் கோட்டை அழிக்கப் போறதில்லை. போய்க் கேட்டுட்டு வாங்க."

பிறை பார்க்கிறவர்கள் வருடா வருடம் ஏறுவது ஒரே மொட்டைமாடிதான். ஐந்து மாடிக் குடியிருப்பு. அதன் மேல் வீட்டில் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் இருந்தார். அவருக்கு நோன்பு கிடையாது, ஆனால் வானம் உண்டு. முக்காலியில் வைத்த ஒரு தொலைநோக்கி அவருடைய சொந்தச் சொத்து. பிறைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் கதவைத் திறந்து வைத்துவிட்டு முதல் ஆளாக மேலே நிற்பார்.

லிஃப்ட் வாசலில் பெருநாள் சாமான்களோடு ஒரு கூட்டம். மணி பாய் படியேறினார். மூன்றாவது மாடியில் முழங்கால் பேசியது. நான்காவதில் திட்டியது. ஐந்தாவதில் அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை.

மாடியில் இரண்டு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் பிறையைப் பார்த்த மகிழ்ச்சியில் கீழே ஓடிவிட்டார்கள். டீச்சர் டார்ச் வெளிச்சத்தில் தொலைநோக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் முக்காலியை மடக்க முடியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊரிலேயே கூர்மையான கண் அவருக்குத்தான் என்று பெயர். டாக்டர் கையெழுத்தைப் படித்துப் படித்து வந்த கண் என்பார்கள்.

"வாங்க மணி பாய், உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்ன இன்னைக்கு இவ்வளவு லேட்டு?"

"இப்பதான் வீட்லேர்ந்து வரேன். படி வேற."

"இப்ப இல்லைங்க. பாங்கு. அங்க சூரியன் போயிடுச்சு, இங்க நான் பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன், பாங்கு வரலை. என்னடா இந்த ஆளு, முதல் தடவை மைக்கைப் பிடிச்சதுல பயந்து ஓடிட்டாரான்னு நினைச்சேன்."

மணி பாய்க்குக் காது அடைத்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். "திரும்பச் சொல்லுங்க."

"எதை? பயந்து ஓடினதையா?"

"சூரியன் போனதை. நான் சொல்றதுக்கு முன்னாடியே போயிடுச்சா?"

"போயிடுச்சுன்னா, முழுசா. நகத்துண்டு அளவுகூட மிச்சம் இல்லை. டீச்சர்தான் 'மறைஞ்சாச்சு'ன்னு சொல்லி எழுதினாங்க."

"எழுதினீங்களா டீச்சர்?"

"நான் எழுதாம எதைங்க பார்த்திருக்கேன்?" டீச்சர் பெட்டியை மூடிவிட்டு ஒரு நீல அட்டை நோட்டை எடுத்தார். டார்ச்சைப் பிடித்தார். அன்றைய தேதிக்குக் கீழே மூன்று வரிகள்.

6.36 – கடைசி விளிம்பும் மறைந்தது. வானம் சுத்தம்.
6.38 – பாங்கு (?)
6.52 – பிறை. தெற்கே சற்றுச் சாய்ந்து.

மணி பாய் விரலை வைத்து வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "இது எந்தக் கடிகாரம் டீச்சர்?" என்றார்.

"போன் நேரம். அது தப்பாது. நம்ம ஸ்கூல் நேரம் இல்லை, பயப்படாதீங்க."

"அந்தக் கேள்விக்குறி?"

"அதுவா, அட்டவணையில நாற்பத்தொண்ணுன்னு போட்டிருந்துது. முப்பத்தெட்டுக்கே உங்க குரல் கேட்டுது. இருபத்தாறு வருஷமா ஒரு நிமிஷம் தவறாத ஆளாச்சே, என்ன விஷயமா இருக்கும்னு ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சேன். திங்கக்கிழமை ஸ்கூல்ல கேக்கலாம்னு." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோனது. "அட, மூணைக் கழிக்காம வெச்சுட்டீங்களா?"

"ஆமா டீச்சர்."

"ஒண்ணும் குடி முழுகலை. இன்னொரு விஷயம் கேளுங்க. உயரமா நிக்கறவங்களுக்குச் சூரியன் கொஞ்சம் லேட்டாத்தான் மறையும். நாங்க அஞ்சாவது மாடிக்கு மேல நிக்கறோம். எங்களுக்கே முப்பத்தாறுக்குப் போயிடுச்சுன்னா, கீழ பள்ளிவாசல்ல, வீட்ல எல்லாம் அதுக்கும் முன்னாடியே போயிருக்கும். உங்க பாங்குக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துது."

மருந்துக்கடைக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "அதைத்தானே நானும் சொன்னேன், லேட்டுன்னு."

மணி பாய் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதோடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். மேற்கே வானம் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. பிறையும் தெரிந்தது, அதற்குள் வீட்டுக்கூரைகளுக்கு மிக அருகில் இறங்கியிருந்தது. அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஊரே பார்த்து முடித்த பிறை.

பட்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"இருபத்தொம்போதும் இருக்கு" என்றார்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும். மூச்சு வாங்குது உங்களுக்கு. ஒரு இடத்துல உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டு இறங்குங்க. லிஃப்ட்ல இறங்குங்க."

டீச்சர் பக்கத்தைக் கிழித்துத் தர மறுத்தார். "இதுல எட்டு வருஷத்துப் பிறை இருக்கு. கிழிக்கிற வேலையே இல்லை. நோட்டையே எடுத்துட்டுப் போங்க, திங்கக்கிழமை முதல் மணிக்கு முன்னாடி என் மேஜையில இருக்கணும். ஸ்கூல் நேரப்படி." மருந்துக்கடைக்காரர் கண்ணால் பார்த்த சாட்சியாகக் கூடவே இறங்கினார். டீச்சரிடம் கொடுக்க மறந்த முக்காலி, லிஃப்டில் ஐந்து மாடிக்கும் யார் காலிலாவது இடித்துக்கொண்டே வந்தது.

இமாம் நோட்டை வாசித்தார். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார், "உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன் ஹஜ்ரத். பழம் கையில, கண்ணு அங்க."

"முழுசா மறைஞ்ச பிறகுதான் பாங்கு கேட்டுதா?"

"மறைஞ்சு, நான் ரெண்டு தடவை பெருமூச்சு விட்டு, அதுக்கப்புறம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் இமாம். நோட்டை மூடி மணி பாயின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எல்லார் நோன்பும் கூடிடுச்சு. யாரும் ஈடு வைக்க வேண்டாம். போய் நிம்மதியா பெருநாளைப் பாருங்க."

"இஷாவுல நான் ஒரு வார்த்தை சொல்லணும் ஹஜ்ரத்."

"அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே, எதுக்கு?"

"ரெண்டு மூணு பேரு போனைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. அவங்களுக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கும். பெருநாள்ல அது எதுக்கு? எனக்கு இந்த ஒரு மணி நேரம் இருந்த மாதிரி அவங்களுக்கு இருக்கக் கூடாது."

இமாம் யோசித்தார். "சரி, சொல்லுங்க. ஆனா ஒரு நிபந்தனை. இஷா பாங்கும் நீங்கதான் சொல்லணும்."

ஓரமாக நின்ற மோதினார் சந்தோஷத்தில் ஏதோ சொன்னார். காற்றுதான் வந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

மணி பாய் ஸ்டூலைப் போட்டு ஏறினார். இந்த முறை கீழே நின்ற மருந்துக்கடைக்காரரிடம், "என்கிட்ட மணி கேளுங்க" என்றார்.

"மணி என்ன பாய்?"

கண் கையைப் பார்த்தது. "ஏழு ஐம்பத்திரண்டு" என்றது வாய். கையில் ஏழு ஐம்பத்தைந்து. வாய் சொன்னதைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்தார். மருந்துக்கடைக்காரர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். சரியாக இருந்தது.

எட்டு மணிக்கு முன்பே பள்ளிவாசல் நிறைந்துவிட்டது. மணி பாய் மைக்கைப் பிடித்து, கடிகாரம் வைத்த கதையை, மாடி ஏறிய கதையை, நோட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். "நோன்பு எல்லாருக்கும் கூடிடுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."  பிறகு பின்வரிசையிலிருந்து முடிவெட்டுகிறவரின் குரல் வந்தது. "அண்ணே, மன்னிப்பெல்லாம் எதுக்கு? மூணு நிமிஷம் முன்னாடி சொன்னதாலதான் நான் உயிரோட இருக்கேன்."

வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அதில் அவரும் சிரித்தார். நாற்பது வருடத்துக்கு முன்பு முதுகுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். சரியாக ஞாபகம் வரவில்லை.

முள் எட்டைத் தொட்டது. காதில் கைவைத்தார். முதல் வரி இந்த முறை தடுக்கவில்லை. அவர் மூச்சு எடுக்கிற இடைவெளியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே வரி கேட்டது.

தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி புதுச் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். காலண்டரில் இருபத்தொன்பது கோடுகளும் அப்படியே இருந்தன. கடைசிக் கோட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு பிறை வரைந்திருந்தாள்.

"நாளைக்குப் பெருநாள் தொழுகை ஏழரைக்குன்னு சொன்னாங்களே, கேட்டுது" என்றாள். "உங்க நேரமா, ஊர் நேரமா?"

மணி பாய் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாளைக்கு லீவு" என்றார். "நீ சொல்ற நேரம்."